நெல்லுக்கு முன்னா, நெல்லோடு சேர்த்தா?
தக்கைப்பூண்டின் இரண்டு வழிகள்: ஓர் ஒப்பாய்வு

தக்கைப்பூண்டை நெல்வயலுக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் இருக்கின்றன. நெல்லுக்கு முன்பாகவே அதைத் தனிப்பயிராக விதைத்து, ஒன்றரை மாதம் வளரவிட்டு, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, அந்தச் சேற்றில் நாற்று நடுவது ஒரு வழி. இதை முன்பயிர் என்போம். நேரடி நெல் விதைப்பில் நெல்லையும் தக்கைப்பூண்டையும் ஒரே நாளில் விதைத்து, ஒரு மாதம் இரண்டையும் ஒன்றாக வளர்த்து, பிறகு பூண்டை மட்டும் சேற்றில் அமுக்கிவிட்டு நெல்லை மேலே வரவிடுவது இன்னொரு வழி. இது ஊடுபயிர். முதல் வழி நம் அப்பா, தாத்தா காலத்திலிருந்தே பழக்கத்தில் உள்ளது. இரண்டாவது, உருளை விதைப்பானும் கோனோவீடர் என்ற கைத்தள்ளு களைக்கருவியும் வந்த பிறகு வேளாண் பல்கலைக்கழகம் வழியாக வயலுக்கு வந்தது.

பயிற்சிக் கூட்டங்களில் இரண்டையும் 'பசுந்தாள் உரம்' என்ற ஒரே தலைப்பில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். முன்பயிர் தரும் பலனை எதிர்பார்த்து ஊடுபயிர் போட்டவர் ஏமாந்துபோகிறார். ஊடுபயிர் செய்யும் வேலையை முன்பயிரிடம் எதிர்பார்த்தவர், 'களை கொஞ்சமும் குறையவில்லையே' என்கிறார். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பயிர் மண்ணை வளர்க்கிறது. ஊடுபயிர் முதல் மாதக் களையை அடக்கி, நெல் கேட்கும் நேரத்தில் கொஞ்சம் தழைச்சத்தும் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் எதன் பலனும் சரியாகத் தெரியாது.

முதலில் செடியைப் பார்ப்போம். முப்பது நாள் வயதுள்ள தக்கைப்பூண்டு ஒன்றை ஈரம் இருக்கும்போது மண்வெட்டியால் ஒரு கட்டியோடு பெயர்த்தெடுத்து, வாய்க்கால் தண்ணீரில் வேரை மெல்ல அலசிப் பாருங்கள். சல்லிவேர்களில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சிவந்திருந்தால், உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. தக்கைப்பூண்டையே பார்த்திராத நிலத்தில் முதல் முறை விதைக்கும்போது முடிச்சு குறைவாகத்தான் இருக்கும். அங்கே விதையோடு ரைசோபியம் கலந்து விதைப்பது அவசியம். மணிச்சத்து குறைந்த நிலத்திலும் முடிச்சு சரியாகப் பிடிக்காது. நெல்லுக்குப் போடவேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைப் பூண்டுக்கே போட்டுவிட்டால், அதன் வழியாக நெல்லுக்கும் போய்ச் சேரும். முன்பயிர், ஊடுபயிர் இரண்டுக்கும் அடிப்படை இந்த முடிச்சுதான். அதை எத்தனை நாள் வேலை செய்ய விடுகிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

முன்பயிர்: எருவோடு ஒப்பிட வேண்டியது

முன்பயிருக்கு ஏக்கருக்கு 20 கிலோ விதை. கோடை மழையிலோ, வாய்க்காலில் வரும் முதல் தண்ணீரிலோ ஒரு சால் ஓட்டி விதைத்துவிடலாம். வேறு பண்டுதம் அதிகம் கிடையாது. 40 முதல் 50 நாளில் செடி இடுப்புக்கு மேல் வந்து, அங்கங்கே மஞ்சள் பூ எட்டிப்பார்க்கும். அதுதான் மடக்கும் பருவம். அதைத் தாண்டினால் தண்டில் நார் ஏறிவிடும். நாரேறிய தண்டு மட்குவதற்கு நாளாகும். மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அந்த நாள்களில் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்வதால், நட்ட பயிர் வெளுத்து நிற்கும். இளம் செடியாக இருந்தால் தண்ணீர் கட்டிய சேற்றில் ஒரு வாரத்தில் இலை கரைந்துவிடும். மடக்கி ஒரு வாரம், பத்து நாள் விட்டு நடுவது நம் பக்கத்து வழக்கம்.

நல்ல ஈரத்தில் நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு ஏழெட்டு டன் பசுந்தழை தரும். பசுந்தழையில் ஏறக்குறைய அரை சதவீதம் தழைச்சத்து என்று கொண்டால், எட்டு டன்னில் 40 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, நன்கு வந்த ஒரு தக்கைப்பூண்டுப் பயிர் ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமமான தழைச்சத்தை மண்ணுக்குள் வைக்கிறது. அத்தனையும் அந்த நெல்லுக்கே கிடைத்துவிடாது. ஒரு பகுதி பயிருக்குப் போகும், ஒரு பகுதி மண்ணின் அங்ககப் பொருளோடு தங்கும், ஒரு பகுதி காற்றிலும் நீரிலும் போய்விடும்.

இங்கேதான் உழவர் ஒரு கேள்வி கேட்பார், அது நியாயமான கேள்வி. ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. இரண்டு மூட்டை 533 ரூபாய். தக்கைப்பூண்டு விதை கிலோ நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் விற்றால் இருபது கிலோவுக்கே இரண்டாயிரம் ஆகிறது. உழவுக்கூலி, தண்ணீர் எல்லாம் அதற்கு மேல். 533 ரூபாயில் கிடைப்பதை இரண்டாயிரம் கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

யூரியாவோடு மட்டும் ஒப்பிட்டால் இதற்குப் பதில் கிடையாது. அந்த ஒப்பீடே தவறு என்பேன். யூரியாவின் உண்மை விலை அதைப்போலப் பல மடங்கு, மீதியை மானியமாக அரசு கட்டுகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். யூரியா மூட்டையில் தழைச்சத்து ஒன்றுதான் இருக்கிறது. எட்டு டன் பசுந்தழையில் தண்ணீர் போக ஏறக்குறைய ஒன்றரை டன் உலர்பொருள் இருக்கிறது. மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவு அதுதான். ஆழத்திலிருந்து வேர் இழுத்து வந்த சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் அதில் அடங்கியிருக்கின்றன. இதோடு ஒப்பிட வேண்டியது தொழுவுரத்தை. நெல்லுக்கு ஹெக்டேருக்குப் பன்னிரண்டரை டன் தொழுவுரம், அது இல்லாவிட்டால் ஆறேகால் டன் பசுந்தழை என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கர் கணக்கில் ஐந்து டன் எரு. இன்று காவிரி டெல்டாவில் எத்தனை வீட்டில் மாடு இருக்கிறது? ஐந்து டன் எருவை விலைக்கு வாங்கி, வண்டி வைத்து ஏற்றி, வயலில் கொட்டி, கூடையில் அள்ளி இறைக்க ஆகும் செலவைப் போட்டுப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் விதை அப்போது மலிவாகத் தெரியும். வண்டி, கூடை, கூலி எதுவும் இல்லாமல் வயல் முழுக்க ஒரே சீராக எருப் போட்டதற்குச் சமம் இது.

மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து மடக்கிய வயலில் உழவு ஓட்டும்போதே வேறுபாடு தெரியும். கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடிப்பது குறைந்து, கட்டி எளிதில் உடையும். உடைந்த கட்டிக்குள் மெல்லிய வேர்த்தடங்களும் மண்புழு வழிகளும் தெரியும். ஒரே ஆண்டில் இதை எதிர்பார்க்கக் கூடாது. வெப்பமண்டல மண்ணில் அங்ககப் பொருள் வேகமாகக் கரைந்துபோவதால், ஓராண்டு போட்டு மூன்றாண்டு விட்டுவிட்டால் கணக்கு மறுபடி தொடக்கத்துக்கே வந்துவிடும்.

களர் நிலத்துக்காரர்களுக்கு முன்பயிரைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். திருச்சி மாவட்டத்தில் மணிகண்டம் வட்டாரம் போன்ற இடங்களில் சோடியம் ஏறிய களர் மண் உண்டு. திருச்சி வேளாண் கல்லூரியிலிருந்து வந்த டிஆர்ஒய் நெல் ரகங்கள் அப்படிப்பட்ட மண்ணுக்காகவே உருவானவை. அங்கே ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி, வடித்துவிட்டு, அடுத்ததாகத் தக்கைப்பூண்டு விதைப்பது பழகிய முறை. களரையும் நீர்த்தேக்கத்தையும் ஒன்றாகத் தாங்கி வளரும் பசுந்தாள் பயிர் இதைப்போல் வேறு இல்லை. வேர் விடும் கரியமிலவாயுவும், தழை மட்கும்போது உண்டாகும் அமிலங்களும் மண்ணில் பூட்டிக் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைக்கின்றன. கரைந்த கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது. தள்ளப்பட்ட சோடியம் வடிநீரோடு வெளியேறுகிறது. ஒரு மாதம் மட்டும் நெல் வரிசைக்கு நடுவில் நின்று போகும் ஊடுபயிரால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

நாற்பத்தைந்து நாள் எங்கே இருக்கிறது?

முன்பயிரின் சிக்கல் நாள்கணக்கு. நெல் இல்லாமல் நாற்பத்தைந்து நாள், அதோடு மடக்கி மட்க ஒரு வாரம் வேண்டும். ஈரமும் வேண்டும்.

சம்பா ஒருபோகம் மட்டும் செய்யும் டெல்டா நிலத்துக்கு இந்த நாள்கள் தாராளமாக உண்டு. வழக்கமான ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஜூலையில் விதைத்து, ஆகஸ்ட் கடைசியில் மடக்கி, செப்டம்பரில் சம்பா நடலாம். குறுவை நிலத்தில் அப்படி இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் போர்வெல் இருந்தால்தான் முன்பயிர். இல்லையென்றால் கோடை மழையை நம்ப வேண்டும். குறுவை அறுத்துத் தாளடி நடுவதற்குள் கிடைக்கும் இடைவெளி இரண்டு மூன்று வாரம்கூட இருக்காது. அங்கே முன்பயிருக்கு இடமே கிடையாது.

மேட்டூரின் நாளும் நம் கையில் இல்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2019இல் ஆகஸ்ட் 13 ஆயிற்று, 2024இல் ஜூலை 28. தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் உழவர்கள் நாற்றங்காலையே விட்டுவிட்டு நேரடி விதைப்புக்குப் போய்விடுகிறார்கள். முன்பயிருக்கான நாள்களும் அத்தோடு போய்விடுகின்றன. ஊடுபயிருக்கு உண்மையான இடம் கிடைப்பது இப்படிப்பட்ட ஆண்டுகளில்தான்.

ஆற்றுத் தண்ணீரே இல்லாத, கண்மாய்ப் பாசன ஒருபோக நிலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பா அறுத்த பிறகு ஆவணி, புரட்டாசி வரை தரிசாகக் கிடக்கும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து வயல்களில் தக்கைப்பூண்டைவிடக் கொழிஞ்சிதான் பொருத்தம். வறட்சியைத் தாங்கும், ஆடுமாடு வாய் வைக்காது, ஒரு முறை நன்றாக விதைத்துவிட்டால் காய் வெடித்து விழுந்த விதையிலிருந்தே ஆண்டுதோறும் தானாக முளைக்கும். தொடக்கத்தில் மெதுவாக வளரும் என்ற குறை, ஆறு மாதத் தரிசில் ஒரு பொருட்டே கிடையாது. விதைத்தோல் கடினமானது என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்க வேண்டும்.

ஊடுபயிர்: களைக்கூலியோடு ஒப்பிட வேண்டியது

ஊடுபயிருக்குச் சேற்றில் பரம்படித்துச் சமன் செய்த வயல் வேண்டும். முளைகட்டிய நெல்லை உருளை விதைப்பானில் போட்டு இழுத்தால் 20 செ.மீ. இடைவெளியில் வரிசையாக விழும். நெல் வரிசைகளுக்கு நடுவே தக்கைப்பூண்டு விழும்படியான விதைப்பானையும் வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்திருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் பூண்டை வயல் முழுக்கக் கைவிதைப்பாக வீசுகிறவர்களும் உண்டு. பிறகு கோனோவீடர் ஓட்டும்போது நெல் வரிசைக்குள் முளைத்த பூண்டு தப்பிவிடும், அதைக் கையால்தான் பிடுங்க வேண்டும். விதை, முன்பயிருக்கு வேண்டியதில் ஒரு பகுதிதான் பிடிக்கும். முதல் வாரம் வயலில் நீர் தேங்கவிடக் கூடாது. நெல் முளைப்பதற்கும் அதுவே தேவை, பூண்டு முளைப்பதற்கும் அதுவே தேவை. இந்த ஒற்றுமைதான் இந்த முறையைச் சாத்தியமாக்குகிறது.

இருபத்தைந்தாம் நாள் அப்படிப்பட்ட வயலை வரப்பிலிருந்து பார்த்தால் நெல்வயல் என்றே தோன்றாது. நெல்லுக்கு மேல் பூண்டு எழும்பி, அதன் சிறிய இலைகள் வரிசைகளுக்கு நடுவில் நிழல் விரித்திருக்கும். புதிதாகச் செய்கிறவருக்கு வயிறு கலங்கும். நெல் போய்விட்டது என்றே நினைப்பார். வயலுக்குள் இறங்கி, குனிந்து, பூண்டை விலக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். குதிரைவாலியும் கோரையும் முளைத்திருக்க வேண்டிய இடத்தில் நிழல் கட்டிய வெறும் சேறு இருக்கும். களை அடியோடு ஒழிந்துவிடாது, ஆனால் எண்ணிக்கையிலும் தடிமனிலும் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

நேரடி விதைப்பைத் தோற்கடிப்பது களைதான். நடவுப் பயிரில் இருபது, இருபத்தைந்து நாள் நாற்று களையை முந்திக்கொண்டு நிற்கிறது. நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒன்றாக முளைக்கின்றன. முதல் முப்பது நாளில் களை முந்திவிட்டால் அந்தப் பயிரை மீட்பது கடினம். அந்த முப்பது நாளும் இடத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு தோழனைத்தான் ஊடுபயிராக விதைக்கிறோம். ஆகவே இதன் வரவை யூரியாவோடும் ஒப்பிட வேண்டாம், எருவோடும் ஒப்பிட வேண்டாம். ஒரு கைக்களைக்கு ஆள்விட்டால் என்ன கூலி ஆகிறது, அதற்கு ஆள் கிடைக்கிறதா என்பதோடு ஒப்பிடுங்கள். அந்தக் கணக்கில் ஊடுபயிர் தலைநிமிர்ந்து நிற்கும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூண்டு நிற்கும்வரை 2,4-டி போன்ற அகன்ற இலைக் களைக்கொல்லியைத் தொடக் கூடாது, பூண்டே செத்துப்போகும். வட இந்தியாவில் இதையே உத்தியாக்கிக்கொண்டார்கள். நேரடி நெல்லோடு தக்கைப்பூண்டை வளர்த்து, 25, 30 நாளில் 2,4-டி தெளித்து அதை நின்ற நிலையிலேயே கொன்றுவிடுகிறார்கள். இலை பழுத்து உதிர்ந்து தரையை மூடுவதால் அதற்குப் பழுப்பு உரம் என்று பெயர். ஆள் வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனாலும் மண்ணுக்கு நல்லது செய்யப் புறப்பட்ட முறையில் களைக்கொல்லியைக் கட்டாயமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் கட்டிய வயலும் கோனோவீடரும் இருக்கும் நம் ஊருக்கு அது தேவையும் இல்லை.

அமுக்கும் நாளில்தான் ஊடுபயிர் வெல்வதும் தோற்பதும். பூண்டு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஒன்றே கால் அடி உயரத்தில் இருக்கும்போது, அதாவது முப்பதாம் நாளிலிருந்து நாற்பதாம் நாளுக்குள், வயலில் கொஞ்சம் நீர் வைத்துக் கோனோவீடரை வரிசைக்கு நடுவில் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். இளம் தண்டு மடங்கிச் சேற்றுக்குள் போய்விடும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் தண்டு முற்றிக் கருவியின் கூம்புகளில் சுற்றிக்கொள்ளும். தள்ளுகிறவருக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். அதைவிடப் பெரிய இழப்பு நெல்லுக்கு. தூர் கட்டும் பருவத்தில் நிழலில் நின்ற நெல் தூர் வைக்காது. அந்த இழப்பை எந்த மேலுரத்தாலும் ஈடுகட்ட முடியாது. முன்பயிரில் ஐந்து நாள் தாமதித்தால் கொஞ்சம் நார் ஏறும், அவ்வளவுதான். ஊடுபயிரில் ஐந்து நாள் தாமதம் மகசூலில் தெரியும். சோம்பலை மன்னிக்காத முறை இது.

வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் விதைத்தால் முப்பதாம் நாள் ஐப்பசி அடைமழையில் வந்து விழும். வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது கருவி தள்ள முடியாது. தக்கைப்பூண்டோ தண்ணீருக்குச் சளைக்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கும், நெல் கீழே தவிக்கும். வடிகால் சரியில்லாத கடைமடைப் பகுதியில், ஆகஸ்டில் விதைக்க முடிந்தால் மட்டுமே ஊடுபயிரில் இறங்குங்கள். செப்டம்பர் நடுவைத் தாண்டிவிட்டால் தனி நெல்லாக விதைப்பதே பாதுகாப்பு.

தழைச்சத்தில் ஊடுபயிர் அளவில் சிறியது. முன்பயிரில் கிடைப்பதில் பாதியோ அதற்கும் குறைவோதான் வரும். ஒரு மாதச் செடியிடம் அதற்கு மேல் கேட்க முடியாது. ஆனால் அது கிடைக்கும் நேரம் அருமையானது. முன்பயிரை மடக்கியதும் வெளிவரும் தழைச்சத்தின் பெரும்பகுதி, நாற்று வேர் பிடிக்கும் முதல் வாரங்களிலேயே சேற்றில் கரைந்து நிற்கிறது. அவ்வளவையும் உறிஞ்ச அந்தச் சிறிய வேருக்கு வாய் போதாது. முப்பத்தைந்தாம் நாள் அமுக்கிய ஊடுபயிர் நாற்பதிலிருந்து அறுபது நாளுக்குள் கரைகிறது. குறுகிய காலமும் மத்திய காலமும் உள்ள ரகங்களில் கடைசித் தூர் கட்டுவதும் கதிர் உருவாகத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த நாள்களில்தான். வேரும் அதற்குள் வயல் முழுக்கப் பரவியிருக்கும். கொடுத்தது குறைவு, வீணானது அதைவிடக் குறைவு.

இரண்டு முறையிலும் உழவர் செய்யும் பொதுவான தவறு, பசுந்தாளும் போட்டு வழக்கமான யூரியாவையும் குறைக்காமல் போடுவது. பயிர் கருகருவென்று எழும்பும், அண்டை அயலார் பாராட்டுவார்கள். அந்தக் கரும்பச்சைக்கு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும், காற்றடித்தால் பயிர் சாயும். முன்பயிர் மடக்கிய வயலுக்கு அடியுரமாக யூரியா வேண்டியதில்லை. மேலுரம் எப்போது, எவ்வளவு என்பதை இலைவண்ண அட்டையை வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் 3ஆம் எண்ணுக்கும், மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4ஆம் எண்ணுக்கும் கீழே இலை வெளுத்தால்தான் தழையுரம். பசுந்தாளால் கையில் காசாக மிஞ்சுவது இந்த அட்டையைப் பின்பற்றுகிறவர்களுக்குத்தான்.

தண்ணீர் கட்டிய சேற்றில் பச்சைத் தழையைப் புதைத்தால் மீத்தேன் கூடுதலாக உண்டாகும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. தழை அளவு அதிகம் என்பதால் முன்பயிரில் இது அதிகம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் பெருமளவு குறையும். தண்ணீர் மிச்சம், வேருக்குக் காற்று என்று வேறு காரணங்களுக்காகவும் அப்படித்தான் கட்ட வேண்டும்.

மணிலா அகத்தி என்ற இன்னொரு பசுந்தாள் செடியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பகுதியைச் சேர்ந்த இந்தச் செடிக்கு வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சு உண்டு. வேர் மூழ்கிக் கிடந்தாலும் தண்டு முடிச்சு காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆற்றில் முன்கூட்டித் தண்ணீர் வந்து வயலில் நீர் நிற்கும் நிலங்களில் முன்பயிராக இது தக்கைப்பூண்டை மிஞ்சிவிடும். பகல்பொழுது குறையத் தொடங்கினால் சீக்கிரமே பூத்து வளர்ச்சியை நிறுத்திவிடும் என்பதால் ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் விதைத்துவிட வேண்டும். புரட்டாசியில் இதை விதைத்துப் பயன் இல்லை. விதைத்தோல் மிகக் கடினமானது, அமிலத்தில் நேர்த்தி செய்யாமல் முளைப்பு திருப்தியாக இருக்காது. அமில வேலையை வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன், நேர்த்தி செய்த விதையாகவே வாங்குங்கள்.

நடவு நெல்லுக்கு ஊடுபயிர் கிடையாதா என்றால், அசோலா இருக்கிறது. நட்ட ஒரு வாரத்தில் தூவிவிட்டால் நீர்ப்பரப்பில் படர்ந்து, களையெடுப்பில் மிதிபட்டு உரமாகும். கடும் கோடை வெயிலில் கருகிவிடும் என்பதால் சம்பா, தாளடிக்குத்தான் அது நம்பிக்கையானது. குறுவை அறுத்ததும் தாளடி நடும் நிலத்துக்கு, தக்கைப்பூண்டு நுழைய முடியாத அந்த இடைவெளியில், இது ஒன்றுதான் வழி.

எந்த நிலத்துக்கு எது?

சம்பா ஒருபோக நிலமா, களர் மண்ணா, தொழுவுரம் பார்த்துப் பல ஆண்டான வயலா? முன்பயிர் போடுங்கள். மூன்றாண்டாவது விடாமல் போடுங்கள். தண்ணீர் தாமதமாகி நேரடி விதைப்புக்குப் போகிறீர்களா, கையில் உருளை விதைப்பானும் கோனோவீடரும் இருக்கின்றனவா, முப்பத்தைந்தாம் நாள் வயலில் இறங்க ஆள் உறுதியா? ஊடுபயிர் போடுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். இராமநாதபுரம், திருவள்ளூர் பக்கத்துப் புழுதி விதைப்பு நிலங்களிலும் ஊடுபயிர் செய்யலாம். அங்கே அமுக்கும் நாளைக் காலண்டர் முடிவு செய்யாது, மழை பெய்து வயலில் நீர் நிற்கும் நாள் முடிவு செய்யும். மழை தவறினால் பூண்டை அறுத்து வரிசைக்கு நடுவே மூடாக்காகப் போட்டுவிட வேண்டும். அதற்கும் துணிவிருந்தால்தான் இறங்க வேண்டும்.

இரண்டில் ஒன்றைத்தான் ஊரில் பரப்ப முடியும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் முன்பயிரையே சொல்வேன். களையை அடக்க வேறு வழிகள் இருக்கின்றன. மாடில்லாத ஊரில் மண்ணுக்கு எருச் சேர்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டையும் தடுத்து நிற்பது விதை. மேட்டூர் திறக்கும் சமயம் எல்லோரும் ஒரே வாரத்தில் விதை கேட்கிறார்கள், விலை ஏறிவிடுகிறது, கிடைக்கும் விதையும் பாதி முளைப்பதில்லை. 2024-25இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு மானியம் தருகிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தக்கைப்பூண்டு ஹெக்டேருக்கு 500 கிலோவுக்குக் குறையாமல் விதை தரக்கூடியது. பத்து சென்ட் மேட்டு மூலையை மடக்காமல் விட்டு, காய் முற்றிப் பழுப்பேறியதும் அறுத்துத் தட்டினால் ஓர் ஏக்கருக்கு வேண்டிய இருபது கிலோ விதை உங்கள் வீட்டிலேயே கிடைத்துவிடும். இந்த ஆண்டு மடக்கும்போது அந்தப் பத்து சென்ட்டை விட்டுவையுங்கள்.